மாலக்கி கீனன் தூக்காத கல்

டிரம்லாராவில் மாலக்கி கீனன் பேச்சை எடுத்தால், சொல்கிறவன் எழுந்து நின்றுவிடுவான். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடிகிற கதைகள் இல்லை அவை. கையை அகட்ட வேண்டும், கன்னத்தை உப்ப வைக்க வேண்டும், பக்கத்தில் கிடக்கும் முக்காலியையாவது தூக்கிக் காட்ட வேண்டும். கொல்லனின் பட்டடைக்கல்லை அதன் கூர்முனையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தானாம். வெள்ளத்தில் மாட்டிய கிடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டினானாம். கோயிலுக்கு வந்த புது மணியை ரயிலடியிலிருந்து முதுகில் சுமந்து குன்றேறினானாம். வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே வந்ததில் கிழவிகள் ஆங்காங்கே சேற்றிலேயே முழங்கால் போட்டார்களாம்.

எல்லாம் நடந்ததுதான். அவன் மனைவி அட்ராக்டா எதையும் மறுத்ததில்லை. ஆனால் சொல்கிறவன் முடித்து மூச்சு வாங்கும்போது அவள் ஒன்று கேட்பாள்.

"அன்னிக்கு வண்டியெல்லாம் எங்க போச்சு?"

கொல்லன் பட்டறையை இடம் மாற்றினான், வண்டிக்காரனைக் கூப்பிட மனசு வரவில்லை. கிடாரிக்குச் சொந்தக்காரன் கால் நனையாமல் கரையில் நின்று, "கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று வழி சொன்னான். கோயில் கமிட்டிக்கு மணிக்காக வீடு வீடாக வசூல் பண்ணத் தெரிந்தது, ஒரு குதிரையைப் பிடித்து வரத் தெரியவில்லை. கழுதை என்றால் ஓட்ஸ் வைக்க வேண்டும், மழைக்குக் கொட்டகை வேண்டும், கோபம் வந்தால் உதைக்கவும் செய்யும். மாலக்கிக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"இது உனக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன், மாலக்கி."

அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி வேலிமேல் வைப்பான். உள்ளங்கையில் துப்பித் தேய்ப்பான். அடுத்த நிமிஷம் அந்தப் பொருள், அது எதுவாக இருந்தாலும், தரையில் இருக்காது. ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்குக்கூட இந்த வாக்கியம் மனப்பாடம். ஜெபம் தப்பும், இது தப்பாது.

அவன் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அவன் கையில் பெஞ்சு உடைந்த அன்றைக்குப் படிப்பும் உடைந்தது. அப்புறம் ஆற்றோரம் இருந்த ஆளி மில்லில் சேர்ந்தான். ஆளிச்செடியைக் குட்டையில் அழுகப் போட்டு, காயவைத்து, சுழலும் மரக் கத்திகளில் கொடுத்து நாரைப் பிரிக்கிற மில். குட்டையின் நாற்றம் ஆவணி முழுக்க ஊரை விட்டுப் போகாது. பூசைக்குப் போனாலும் சாம்பிராணியை அமுக்கிவிட்டு அது மேலே வரும். மில்லுக்குள்ளே தூசி. நார் லினன் துணியாகி யார் யாருடைய மேஜைக்கோ போயிற்று. தூசி மட்டும் ஊரிலேயே தங்கி, வேலை செய்கிறவர்களின் நெஞ்சில் குடியேறியது. மாலக்கி இருமினால் ஓடையைத் தாண்டிக் கேட்கும். அதையும் ஒரு சாதனையாகத்தான் ஊர் பேசியது.

அட்ராக்டா ஸ்லைகோ பக்கத்திலிருந்து கடைக்காரர் வீட்டில் வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் இரண்டு வாளித் தண்ணீரோடு மேடேறிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த மாலக்கி கையை நீட்டினான்.

"குடு, நான் தூக்குறேன்."

"எனக்கும் ரெண்டு கை இருக்கு. வழிய விடு."

அவன் வழியை விட்டான். ஆனால் போகவில்லை. வாசல் வரைக்கும் கையை வீசிக்கொண்டு சும்மா கூடவே நடந்தான். பிறந்ததிலிருந்து அவனிடம் எதையும் தூக்கச் சொல்லாத முதல் ஆள் அவள்தான். அடுத்த அறுவடைக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

மில் முதலாளி பெயர் யூஜின் கார்வில். சிவந்த முகம், சுத்தமான காலர், கோயிலில் முதல் பெஞ்சு. ஒரு குளிர்காலத்து வெள்ளம் அவருடைய அணையை அடித்துக்கொண்டு போனது. ஆற்றை மறித்து மில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புகிற கல் அணை அது. அது இல்லையென்றால் நீர்ச்சக்கரம் சுற்றாது, சக்கரம் சுற்றாவிட்டால் மில் இல்லை. கல்லுக்குப் பஞ்சமில்லை. கோயில் குன்றின்மேல் வேண்டிய மட்டும் கிடந்தது. அங்கிருந்து ஆற்றுக்கு இறக்க வண்டி வேண்டும், குதிரை வேண்டும், ஆள் வேண்டும். கார்வில் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஆண்கள் வழக்கம்போல் கோயில் வாசலில் கல் தூக்கிப் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்தபோது, அவர் தொப்பியைத் தூக்கி ஒரு அறிவிப்பு செய்தார்.

"பசங்களா, நின்ன இடத்துல தூக்கி நின்ன இடத்துல போடுறது என்ன விளையாட்டு? நெஞ்சு வரைக்கும் தூக்கி, கீழ ஆத்துப் பக்கமா நடங்க. யாரு ஆறு வரைக்கும் போறானோ அவன் தூக்குன கல்லு அவனுக்கே சொந்தம். அவன் பேரை அதுல தாரால எழுதி, நாலு பேரு பாக்குற இடத்துல நானே வைக்கிறேன்."

ஃபாதர் லாக்ரன் கைதட்டினார். அவருக்கு எந்த விளையாட்டும் பிடிக்கும்.

அந்த வருஷம் தவக்காலம் முழுக்க டிரம்லாரா வாலிபர்கள் நற்கருணைக்காக நள்ளிரவிலிருந்து பட்டினி கிடந்த வெறும் வயிற்றோடு கல் சுமந்தார்கள். ஒரு வாரம் சுமந்த கல் மறுவாரம் ஆகாது, புதுக் கல்தான் வேண்டும் என்று கார்வில் சட்டம் வைத்தார். பெயர் எழுதிய கற்கள் எல்லாம் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் நின்றன. அந்த இடம் ஆற்றின் குறுக்கே இருந்தது. தண்ணீர் அதில் முட்டித் திரும்பி, ரொம்ப ஒழுங்காக மில் வாய்க்காலுக்குள் போயிற்று.

இருக்கிறதிலேயே பெரிய கல்லுக்குக் கறுப்புக் கன்று என்று பெயர். படுத்திருக்கிற கன்றுக்குட்டி மாதிரியே இருக்கும். மதகு வாயில் அடிக்கல்லாக வைக்க அதைவிட்டால் வேறு கல் இல்லை. ஈஸ்டர் ஞாயிறன்று கார்வில் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

மாலக்கி அதை ஆறு வரைக்கும் சுமந்தான். ஊரே ஆர்ப்பரித்தது. மறுநாள் காலையில் பூட்ஸ் போடக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

"என்ன?" என்றாள் அட்ராக்டா.

"ஒண்ணுமில்ல. தரையில ஏதோ கிடந்துச்சு, பாத்தேன்."

"வேர்த்து ஊத்துது உனக்கு. சட்டையத் தூக்கு."

அடிவயிற்றில் வாத்து முட்டை அளவுக்கு ஒரு வீக்கம். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல் இறங்கியிருக்கிறது என்றார். இடுப்பில் கட்ட ஒரு தோல் பட்டையைக் கொடுத்தார். "இனிமே ஒரு பெரிய கல்லத் தூக்கினீங்கன்னா குடல் முறுக்கிக்கும். அப்புறம் என்கிட்ட வராதீங்க, நேரா ஃபாதர் கிட்ட போயிருங்க" என்றார். மாலக்கி கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வருகிற வழியில் ஒருவன் சேற்றில் சிக்கிய வண்டியோடு நின்று, "மாலக்கி, இது உனக்கு..." என்று ஆரம்பித்தான். அட்ராக்டா கையிலிருந்த குடையால் அவனை மண்டையிலேயே போட்டாள்.

ஆனால் ஊர் முழுக்கக் குடையோடு திரிய முடியுமா? அவள் நேராக மில் முற்றத்துக்குப் போனாள்.

"மிஸ்டர் கார்வில், உங்க அணையைத் தூக்கி எம் புருஷனுக்குக் குடல் இறங்கிப்போச்சு."

"ஐயோ பாவமே. மில்லுல ஒண்ணும் ஆகலையே? ஞாயித்துக்கிழமை விளையாட்டுலதானே? விளையாட்டுன்னா ஒண்ணு ரெண்டு அடிபடத்தான் செய்யும், மிசஸ் கீனன்."

"விளையாட்டா? அப்ப ஆத்துக்குக் குறுக்க நிக்குதே, அது என்ன?"

"அது பசங்களோட பெருமைம்மா. நான் தண்ணி மட்டுந்தான் விட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அவளுக்குக் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. கெட்டவன் சிரிக்கிற சிரிப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது நல்ல காரியம் செய்தவன் சிரிக்கிற சிரிப்பு.

அங்கிருந்து நாற்சந்திக்கு வந்தாள். ஓனி ட்ரேனரும் டெர்பி மெக்கபேயும் இன்னும் நாலு பேரும் சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். ஓனி மாலக்கிக்கு அடுத்த பலசாலி. டெர்பி குள்ளம், ஆனால் வாய் மட்டும் ஆறடி.

"ஏண்டா, மூளை இருக்கா உங்களுக்கு? அந்த ஆளுக்குக் கூலியில்லாம அணை கட்டிக் குடுத்திருக்கீங்கடா!"

"மெதுவா, மிசஸ் கீனன். பால் திரிஞ்சிரப் போகுது" என்றான் டெர்பி.

ஓனி சிரிக்கவில்லை. "அதுல எம் பேரு இருக்குங்க" என்றான். "தாரால எழுதியிருக்கு, ரோட்டுலேருந்தே தெரியுது. எங்கப்பன் கல்லறையில கூடப் பேரு இல்ல. வெறும் மரச் சிலுவைதான்."

அட்ராக்டாவுக்கு அடுத்த வசவு வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஒரு மனுஷனுக்குத் தன் பெயர் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்று இருக்கிற ஆசையைக்கூட ஒருவன் கல்லாக அடுக்கி மேலே தண்ணீர் விட்டிருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் காது கொதித்தது.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தாள். அணைக்கு இன்னும் ஒரு வரிசை பாக்கி. அடுத்த ஞாயிறு கார்வில் வாயைத் திறப்பார். மாலக்கி தோல் பட்டையைக் கழற்றி வேலிமேல் வைப்பான்.

வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். தேயிலை வாங்கினாள். கடைக்காரர் மனைவியின் காதில் விழுகிற மாதிரி, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"கில்டெர்க் ஆளுங்களுக்குத்தான் கொழுப்பு. கேட்டீங்களா? இறக்கத்துல கல்லக் கொண்டுபோறது ஒரு வித்தையாம்னு சிரிக்கிறாங்களாம். அவங்க ஊருக் கோழியே உருட்டிட்டுப் போயிருமாம். ஆம்பளைங்களா இருந்தா அதையே மேட்டுல ஏத்திக் காட்டட்டும்னு பேச்சு."

பக்கத்து ஊர்க் கில்டெர்க்காரர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. டிரம்லாராவைப் பற்றி நினைக்கவே அவர்களுக்கு நேரம் கிடையாது. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தக் கோழி சேவலாகி, சேவல் நொண்டிச் சேவலாகி, நொண்டிச் சேவலுக்கு ஒரு கண்ணும் போயிருந்தது. டெர்பி இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிளில் போய் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சண்டை போட்டுவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரவர் கல்லை ஆற்றிலிருந்து கோயில் வாசலுக்குத் திரும்ப ஏற்றுவது என்று முடிவானது.

அட்ராக்டாவுக்குச் சந்தோஷம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. மாலக்கி கண்ணாடி முன்னால் நின்று தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கன்று அவன் கல்.

அவள் ஓனியைத் தேடிப் போனாள். "நடுவர் இல்லாம பந்தயம் நடந்தா கில்டெர்க்காரன் ஒத்துக்குவானா? மாலக்கியை உக்கார வைங்க. நடுவர் கல்லத் தொடக் கூடாது. அதுதான் முறை." அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. அது ஓனிக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கார்வில் ஃபாதரோடு பேசிவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒருவனும் இல்லை. கீழே ஆற்றில் பாதி ஊர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. கரையில் சமையலறை நாற்காலி போட்டு, கையில் ஒரு கம்போடு, கல்யாண கோட்டுப் போட்டுக்கொண்டு மாலக்கி உட்கார்ந்திருந்தான். கல் ஒவ்வொன்றாகக் கழன்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா! அது என் அணை!" என்று கத்திக்கொண்டு ஓடினார் கார்வில்.

"கல்லு சுமந்தவனுக்கே சொந்தம்னு நீங்கதானே கோயில் வாசல்ல நின்னு சொன்னீங்க, யூஜின்?" என்றார் பின்னாலேயே வந்த ஃபாதர் லாக்ரன். அவருக்கு இந்த விளையாட்டும் பிடித்திருந்தது.

தண்ணீர் இடைவெளி கண்ட இடத்தில் எல்லாம் பீறியது. வாய்க்கால் மெலிந்தது. நீர்ச்சக்கரம் சோம்பேறி மாதிரி ஒரு சுற்று சுற்றி, யோசித்து, நின்றுபோயிற்று. கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அட்ராக்டா சிரிக்கவில்லை. மதகு வாயில் கறுப்புக் கன்று மட்டும் மிச்சமிருந்தது. ஓனி கட்டிப்பிடித்துப் பார்த்தான். அது அசையவில்லை. எல்லார் கண்ணும் மெல்ல நாற்காலிப் பக்கம் திரும்பியது.

கார்வில் கரையிறங்கி வந்தார். முகத்தில் சிவப்பு வடிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, அன்பாக, ஒரு நோயாளியிடம் பேசுவது மாதிரி சொன்னார்.

"இனிமே இது உனக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன், மாலக்கி."

அட்ராக்டா ஏப்ரன் நுனியைக் கடித்தாள். வேண்டாம் என்று அவள் கத்தினால் முடிந்தது கதை. பெண்டாட்டி பேச்சுக்குப் பயந்தவன் என்று ஊர் சொல்லும், அதற்காகவே தூக்குவான். தெரிந்துதான் பேசாமல் நின்றாள். கார்வில்லுக்கும் அது தெரிந்திருந்தது. தூக்கப்போய் அவன் விழுந்து செத்தாலும் சரி, பந்தயம் அதோடு நின்று அடிக்கல் மதகிலேயே கிடக்க அவருக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அணை போன பிறகு அந்தக் கல்லும் எதற்கும் உதவாது. அப்படியும் சொன்னார்.

மாலக்கி எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். வைக்க வேலி இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு கல்லையே பார்த்தான். இன்னொரு கை கோட்டுக்கு மேலே வயிற்றைத் தொட்டது.

"ஆமா, மிஸ்டர் கார்வில்" என்றான். "ஆகாது."

யாரோ பாதி சிரித்து நிறுத்தினார்கள்.

"எனக்குக் குடல் இறங்கியிருக்கு. பட்டை கட்டியிருக்கேன். என்னால முடியாது." அவன் கார்வில்லை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு வேணும்னா ஒரு வண்டியப் பிடிச்சுக்குங்க."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தூக்கப் போனான். ஓனி முந்திக்கொண்டு எடுத்தான். வீடு வரைக்கும் அவனே தூக்கி வந்தான்.

மில்லில் மாலக்கிக்கு வேலை போயிற்று. அந்த அணை பிறகு எப்படியோ எழுந்தது; வண்டி வந்தது, குதிரை வந்தது. ஆனால் ஊர் இருக்கிறதே ஊர், அது இதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. கறுப்புக் கன்றுக்கு இப்போது வேறு பெயர்: மாலக்கியை ஜெயித்த கல். வெளியூர் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அட்ராக்டா காதில் விழுந்த இடத்தில் எல்லாம் சண்டை பிடித்தாள். "ஜெயிச்சுதா? கல்லு என்னடா பண்ணுச்சு? சும்மா கிடந்துச்சு!"

மாலக்கிக்கு வருத்தமா என்றால், அதுதான் வேடிக்கை. ஒரு தடவை சொன்னபிறகு அந்த வார்த்தை அவனுக்கு ருசித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வைக்கோல் போருக்குக் கூப்பிட்டால், ஆகாது. கமிட்டி புதுப் புனிதர் சிலையைப் பீடத்தில் ஏற்றக் கூப்பிட்டால், ஆகாது. கடைசியில் அடுப்பில் எரிக்கக் கரிமண் கட்டி எடுத்து வரச் சொன்னாலும், நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ஆகாதே, அட்ராக்டா" என்பான். அவள் திட்டிக்கொண்டே தானே போய் எடுத்து வருவாள். கொல்லைப்புறம் போனதும், யாரும் பார்க்காத இடத்தில், சிரிப்பாள்.

தலை நரைக்கிற வரைக்கும் இருந்தான். கல் கொல்லவில்லை, குடல் கொல்லவில்லை. நெஞ்சில் குடியிருந்த மில் தூசிதான் ஒரு மார்ச் மாதம் கணக்கைத் தீர்த்தது. சாவு வீட்டில் களிமண் புகைக்குழாயும் தேநீரும் சுற்றி வந்தன, ஆட்கள் எழுந்து நின்று கதை சொன்னார்கள். பட்டடைக்கல், கிடாரி, மணி. இந்தத் தடவை அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கார்வில்லின் மகன் வந்து, "எங்கப்பாவுக்கு இவருமேல ரொம்பப் பிரியம்" என்றபோது மட்டும் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவப் போட்டுவிட்டாள்.

மறுநாள் முற்பகல் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் ஓனியும் டெர்பியும். டெர்பி குள்ளம் என்பதால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வாசற்படி தாண்டுவதற்குள் முனகல் ஆரம்பித்தது.

"யேசுவே, என்ன கனம்டா" என்றான் டெர்பி. "கல்லை வச்சிருக்காங்களா உள்ள?"

அட்ராக்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"முடியலையா? இறக்கி வை. வாயத் தொறந்து முடியலன்னு சொல்லு. அவரு சொன்னாரு. ஊரே வேடிக்கை பாத்துட்டு நிக்க, அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. உங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், சொல்லுங்கடா பாப்போம்!"

டெர்பி நுனிக்காலில் எழும்பித் தோளை முட்டுக்கொடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குன்று முழுக்க ஏறினார்கள். பின்னாலேயே அட்ராக்டா, அழுதுகொண்டும் அதைவிடச் சத்தமாகத் திட்டிக்கொண்டும், கல்லறை வரைக்கும் நடந்தாள்.